அதே ஃபெரி

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்கும் எதிரே பெருநிலத்தில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் கடல். இந்த நீரிணையில் நேரம் தவறாத ஃபெரிச் சேவையை 1894இல் தொடங்கியவர் குவா பெங் கீ என்ற உள்ளூர் வணிகர். மலேசியாவின் மிகப் பழைய ஃபெரிச் சேவை இதுதான். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே ஃபெரி ஓடுகிறது என்று சொல்ல அந்த ஊரில் யாரும் தயங்குவதில்லை. ஆனால் 1894இல் ஓடிய படகின் ஓர் ஆணிகூட இன்று அந்த நீரில் இல்லை. அப்படியானால் 'அதே' என்ற சொல் இங்கே எதைச் சுட்டுகிறது? ஒரு பொருள் முழுவதும் மாறிய பிறகும் அது அதுவாகவே இருக்க முடியுமா என்பது தத்துவத்தில் பழைய வழக்கு. பினாங்கு ஃபெரியில் மாறக்கூடியவை எல்லாம் மாறிவிட்டதால், அந்த வழக்கை நடத்த இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

முதலில் நடத்துபவர்கள் மாறினார்கள். தனியார் கையிலிருந்த சேவையை 1924இல் பினாங்கு துறைமுக வாரியம் எடுத்துக்கொண்டது. பிறகு துறைமுக ஆணையம் வந்தது, அதன் பிறகு துறைமுக நிறுவனம். 2017இல் சேவை பொதுப் போக்குவரத்து நிறுவனமான பிரசரானாவிடம் போய் 'ரேபிட் ஃபெரி' என்று பெயர் பெற்றது. 2021இல் மறுபடியும் துறைமுக நிறுவனத்துக்கே திரும்பியது. சுமையும் மாறியது. தொடக்கத்தில் ஆட்களும் சரக்கும்தான். 1920களில் மோட்டார் வண்டிகள் ஏறின. கரையும் மாறாமல் இருக்கவில்லை. ரயில் பயணிகள் ஒரு காலத்தில் பிறை நிலையத்துக்கு ஃபெரியில் போனார்கள். அவர்களுக்காக ஜார்ஜ் டவுன் பக்கம் 1907இல் மணிக்கூண்டோடு ஒரு ரயில் நிலையக் கட்டடம் எழுந்தது. அங்கே பயணச்சீட்டு உண்டு, தண்டவாளம் கிடையாது. இப்போது அது சுங்கத் துறையின் கட்டடம்.

ஊரார் மனத்தில் நின்றவை இரண்டடுக்கு ஃபெரிகள். அவை நீரிணையில் பல பத்தாண்டுகள் ஓடின. கீழ்த்தளத்தில் கார்களும் லாரிகளும், மேல்தளத்தில் நீள இருக்கைகளில் ஆட்கள். வண்டி ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கும். அதனால் இந்தக் கலங்களுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று ஒன்று இருந்ததில்லை. பட்டர்வொர்த்தில் பின்முனையாக இருந்தது ஜார்ஜ் டவுனில் முன்முனை. இரும்புப் பாலத்தட்டு இறங்கி மேடையில் இடிக்கும் ஓசைக்கு முன்பே மோட்டார் சைக்கிள்காரர்கள் இன்ஜினை முறுக்கிவிடுவார்கள். கட்டணம் தீவுக்குப் போகும்போது மட்டும்தான். திரும்பும்போது யாரும் கேட்டதில்லை. தீவுக்குப் போனவர் எப்படியும் திரும்பித்தானே ஆக வேண்டும் என்ற கணக்கு. பாலம் வந்த பிறகும் அந்தக் கணக்கை யாரும் திருத்தவில்லை.

கலங்களுக்குத் தீவுகளின் பெயர்கள். புலாவ் பினாங்கு, புலாவ் பாயார், புலாவ் காப்பாஸ், புலாவ் ரிமாவ், புலாவ் உண்டான், புலாவ் தாலாங் தாலாங், புலாவ் அங்சா. 'புலாவ்' என்றால் மலாயில் தீவு. தீவைக் கரையோடு இணைக்கும் கலத்துக்குத் தீவின் பெயரை வைத்தவர்கள் இந்த முரணைக் கவனித்திருக்கமாட்டார்கள். 'அங்சா' என்பது வாத்து இனத்துப் பறவை. சம்ஸ்கிருதத்தின் 'ஹம்ச'மே, நாம் அன்னம் என்பதே, மலாய்க்குப் போய் அப்படி ஆனது. இந்தியத் தத்துவத்தில் ஹம்சம் உயிரையும் குறிக்கும். இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு இரண்டடுக்கு ஃபெரிகளின் காலம் முடிந்தது. மறுநாளிலிருந்து ஆட்களுக்கு விரைவுப் படகுகள். மோட்டார் சைக்கிளுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் பழைய கலங்களில் ஒன்றான புலாவ் அங்சா. கார்களுக்கு இடமில்லை. 2023 ஆகஸ்ட் 7ஆம் தேதி புதிய இரட்டையுடல் கலங்கள் நான்கு சேவைக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் 250 பேரும் 50 மோட்டார் சைக்கிளும் ஏறலாம். பெயர்கள் தெலுக் பஹாங், தெலுக் கும்பார், தெலுக் கம்பி, தெலுக் டூயோங். 'தெலுக்' என்றால் குடா. தீவுகள் போய்க் குடாக்கள் வந்துவிட்டன.

இந்த வழக்கின் புகழ்பெற்ற வடிவம் கிரேக்கத்திலிருந்து வந்தது. வீரன் தீசியஸ் ஏறி வந்த முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பல நூற்றாண்டுகள் பாதுகாத்தார்கள். மக்கிய பலகைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்திக்கொண்டே வந்தார்கள். கடைசியில் அது அதே கப்பலா என்று தத்துவவாதிகள் சண்டையிட்டதாகப் புளூட்டார்க் எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் இன்னொரு முடிச்சுப் போட்டார். கழித்துப்போட்ட பழைய பலகைகளை ஒருவன் பொறுக்கிவைத்து, அதே வரிசையில் பூட்டி ஒரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல்? ஹாப்ஸ் கற்பனையில் போட்ட முடிச்சு பினாங்கில் நிஜமாகவே விழுந்தது. ஓய்வுபெற்ற புலாவ் பினாங்கு ஃபெரி தஞ்சோங் சிட்டி மரினாவில் அருங்காட்சியகமாகக் கட்டப்பட்டு நிற்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி, பழைய இரும்பு ஒரு துண்டும் இல்லாத தெலுக் பஹாங் கரைக்கும் கரைக்குமாகப் போய்வருகிறது. பழைய உடல் ஓரிடத்தில், பழைய வேலை வேறோர் இடத்தில்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு. தீசியஸின் கப்பல் காட்சிப்பொருள் அல்ல. அப்பல்லோ தெய்வத்துக்குச் செய்த நேர்த்திக்கடனுக்காக அது ஆண்டுதோறும் டெலோஸ் தீவுக்குப் போய்வர வேண்டும். அது திரும்பும்வரை ஏதென்ஸில் யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது. சாக்ரட்டீஸுக்குத் தீர்ப்பான பிறகும் நாட்கள் நீண்டது இதனால்தான் என்கிறது பிளேட்டோவின் 'ஃபீடோ'. ஏதென்ஸ்காரர்களுக்கு அது 'அதே கப்பல்' ஆனது பலகையால் அல்ல, நேர்த்திக்கடனால்.

இந்தியத் தத்துவங்கள் இந்தக் கேள்வியைக் கப்பலை வைத்து மட்டும் கேட்கவில்லை. தேர், துணி, தீபம், உயிர் என்று எல்லாவற்றையும் வைத்துக் கேட்டன. பௌத்தத்தின் விடை எல்லாவற்றிலும் கூர்மையானது. பாலி நூலான 'மிலிந்த பஞ்ஹ'வில் பிக்கு நாகசேனர் மன்னன் மிலிந்தனின் தேரை ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றிக் காட்டுகிறார். சக்கரம் தேரா? இல்லை. அச்சு தேரா? இல்லை. எல்லாம் சேர்ந்தபோது வழங்கும் பெயரே தேர். இரவெல்லாம் எரியும் விளக்கின் முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றல்ல, முற்றிலும் வேறும் அல்ல. இப்படிப் பார்த்தால் பினாங்கு ஃபெரி என்று ஒரு பொருளே கிடையாது. ஒரு கலத்திலிருந்து அடுத்ததற்குப் பற்றிக்கொண்டே வந்த சுடர் அது. பௌத்தத்தின் கணபங்க வாதம் இன்னும் ஒரு படி போகும்: காலை ஆறு மணிக்குப் புறப்பட்ட கலமும் ஆறே காலுக்குச் சேர்ந்த கலமும் ஒன்றல்ல.

வைசேடிகர் கட்சி நேர் எதிர். பாகங்களைத் தவிர முழுமை என்று தனியாக ஒன்று உண்டு, அதற்கு அவயவி என்று பெயர். அது பாகங்களில் தங்கியிருக்கிறது. இதைக் கேட்டதும் ஃபெரிக்கு ஆதரவு கிடைத்ததுபோல் தோன்றும். ஆனால் அவர்கள் மிகக் கறாரானவர்கள். துணியிலிருந்து ஒரு நூலை உருவினால் பழைய துணி அழிந்து புதிய துணி தோன்றிவிட்டது என்பார்கள். அவர்களிடம் வழக்கைக் கொண்டுபோனால் முதல் திருகாணி மாறிய அன்றே ஃபெரி தோற்றுவிடும். பிறகு 'அதே' என்று எல்லோருக்கும் தோன்றுவது ஏன்? நியாய நூல்கள் இதற்கு மருந்தை எடுத்துக்காட்டாகச் சொல்கின்றன. நேற்று அவர் சாப்பிட்ட அதே மருந்தை இன்று நானும் சாப்பிட்டேன் என்கிறோம். அவர் விழுங்கியதை நாம் விழுங்க முடியாது. இங்கே 'அதே' என்பது அந்த ஒரு பொருளைச் சுட்டாது, அதன் இனத்தைச் சுட்டும். தினசரிப் பேச்சுக்கு இந்த விளக்கம் போதும். ஃபெரிக்குப் போதாது. ஹாங்காங்கிலும் இஸ்தான்புல்லிலும் ஃபெரி உண்டு. இனம் ஒன்று என்பதற்காக எவரும் அவற்றைப் பினாங்கு ஃபெரி என்பதில்லை.

தமிழ்ச் சைவ சித்தாந்தம் பௌத்தத்தோடு நேரடியாக மல்லுக்கட்டியது. 13ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார் தம் 'சிவஞான சித்தியார்' நூலின் பரபக்கத்தில் பௌத்தக் கட்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கிறார். எல்லாம் கணத்துக்குக் கணம் அழிந்தால் நினைவு யாருக்கு, வினை செய்தவன் ஒருவனும் பயன் அனுபவிப்பவன் இன்னொருவனுமாக ஆகிவிடாதா என்பதே சித்தாந்தம் திரும்பத் திரும்பக் கேட்பது. உடல்கள் மாறும், உயிர் மாறாது. பாம்பு தோல் உரிப்பதும், யோகி கூடுவிட்டுக் கூடு பாய்வதும் நூல் காட்டும் உவமைகள். ஃபெரிக்கு உயிர் கிடையாது. ஆனால் கோயிலுக்கு? அங்கே இந்தக் கேள்வியைச் சடங்கே தீர்த்துவைக்கிறது. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்வார்கள். மூர்த்தியின் சக்தியைக் கும்பத்துக்கோ பலகைக்கோ மாற்றி, அதற்கே பூசை நடக்கும். அந்த இடைவெளியில் கல்லைப் பெயர்க்கலாம், சுதையை உடைத்து மறுபடி பூசலாம், விமானத்தையே பிரித்துக் கட்டலாம். கும்பாபிஷேகத்தன்று சக்தி திரும்பும். கோயில் புதிது என்று எந்த ஊராரும் சொல்லமாட்டார்கள். அவர்கள் கேட்பது ஒன்றுதான்: பூசை விட்டுப்போகவில்லையே?

பினாங்கில் 2021 முதல் 2023 ஆகஸ்ட் வரை நடந்ததற்குப் பாலாலயம் என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. கடத்தும் வேலை சிறு விரைவுப் படகுகளிலும், ஒதுக்கப்படவிருந்த ஒரு பழைய கலத்திலும் ஒண்டிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய கலத்தின் பெயர் அங்சா, அதாவது ஹம்சம், உயிர். பெயர் வைத்தவர்கள் பறவையையும் தீவையும்தான் நினைத்திருப்பார்கள். ஒரு சித்தாந்தி கப்பல் துறையில் இருந்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமாகத் தேர்ந்திருக்க முடியாது.

அதே ஊரில், அதே 1894இல் வந்துசேர்ந்த இன்னொரு வாகனத்தைப் பக்கத்தில் வைத்தால் கேள்வி கூர்மையாகும். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் காரைக்குடியிலிருந்து வரவழைத்த வெள்ளி ரதம் அந்த ஆண்டுதான் பினாங்குக்கு வந்தது. தைப்பூசத்துக்கு முந்தைய நாள், செட்டிப்பூசத்தன்று, பினாங்கு ஸ்திரீட்டின் கோயில் வீட்டிலிருந்து முருகனை ஏற்றிக்கொண்டு அது தண்ணீர்மலைப் பக்கம் போகும். வழியெங்கும் தேங்காய்கள் உடையும். ஓடும் நாருமாகச் சாலை நிறைந்து, பின்னால் வருபவர்கள் கால் வைக்க இடம் தேடுவார்கள். ரதம் உடலைக் காத்து வந்தது, ஃபெரி உடலை மாற்றிக்கொண்டே வந்தது. இரண்டையும் பினாங்குக்காரர்கள் ஒரே தொனியில் 'அந்தக் காலத்திலிருந்து வருவது' என்கிறார்கள். தண்ணீர்மலைக் கோயிலுக்காக 2017 தைப்பூசத்தில் முருகனின் வேலை ஏந்தித் தங்க ரதம் புறப்பட்டபோது எழுந்த பேச்சும் இதையொட்டியது. தேர் பழையதா புதியதா என்பது ஒன்று, ஏறுபவர் யார் என்பது வேறு. வாகனத்தை வைத்து விழாவின் அடையாளத்தைத் தீர்மானிக்க முடியாது.

தமிழ்நாட்டில் ஓடத்துக்கே விழா எடுக்கும் தலம் ஒன்று உண்டு. திருவாரூர் மாவட்டத்துத் திருக்கொள்ளம்பூதூரில் ஞானசம்பந்தர் வந்தபோது ஆறு கரைபுரண்டது. ஓடக்காரர்கள் ஓடத்தைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அவர் அடியார்களை ஏற்றிக்கொண்டு பதிகம் பாட, துடுப்புப் போட ஆளில்லாமலே ஓடம் அக்கரை சேர்ந்தது என்பது பெரிய புராணக் கதை. அந்த நிகழ்ச்சியை ஓடத் திருவிழாவாக இன்றும் ஆண்டுதோறும் நடத்துகிறார்கள். ஓடம் வேறு, ஏறுபவர்கள் வேறு, ஆற்றில் ஓடும் தண்ணீரும் வேறு. ஆனாலும் அது சம்பந்தரின் ஓடமே. டெலோஸுக்குப் போன கிரேக்கக் கப்பலும் கொள்ளம்பூதூர் ஓடமும் ஒன்றையொன்று அறியாமல் சொல்வது ஒரே விடை: கடப்பது என்ற கடன் விட்டுப்போகாத வரை கலம் அதே கலம்.

இந்த விடை இதுவரை கண்டவற்றில் நல்லதாகத் தோன்றினாலும் இரண்டு இடங்களில் இடறுகிறது. ஒன்று, கடன் என்பது கலத்தில் மட்டும் இல்லை. 1988 ஜூலை 31ஆம் தேதி பட்டர்வொர்த்தின் சுல்தான் அப்துல் ஹலிம் ஃபெரி முனையத்தில் மேல்தளம் இடிந்து விழுந்து 32 பேர் இறந்தனர், 1,634 பேர் காயமடைந்தனர். அன்றைய நெரிசலுக்குக் காரணம் வழிபாடுகள்: புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் திருவிழா, தீவில் குவான் யின் தெய்வத்தின் விழா. நேர்த்திக்கடனுக்காகக் கிளம்பியவர்கள் கலத்தில் ஏறும் முன்பே, காத்திருந்த இடத்தில் விழுந்தார்கள். கடலில் ஃபெரிக்கு ஒரு கீறலும் இல்லை. தீசியஸின் பலகைகளை எண்ணும் தத்துவத்துக்கு இந்த விபத்தில் சொல்ல ஒன்றுமில்லை. கரையில் நிற்பவரிடமிருந்தே கடத்துபவரின் கடன் தொடங்குகிறது.

இரண்டாவது, கடன் தானே மாறினால் என்ன செய்வது? 1920களிலிருந்து 2020வரை ஃபெரி இரண்டு வேலைகளைச் செய்தது, ஆட்களைக் கடத்துவதும் வண்டிகளைக் கடத்துவதும். ஒரே கலத்தில் நடந்ததால் ஒரே சேவை என்று எண்ணிக்கொண்டோம். உண்மையில் ஒரே உடலில் இரண்டு சேவைகள் குடியிருந்தன. லாரி ஓட்டுநருக்குப் பினாங்கு ஃபெரி 2020 டிசம்பரில் செத்துவிட்டது. நடந்து ஏறும் பள்ளிப் பிள்ளைக்கு அது இன்றும் ஓடுகிறது. இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஃபெரி 'அதே'தானா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. யாருக்கு, எதற்கு என்று சேர்த்துக் கேட்டால் உடனே கிடைக்கும்.

வண்டி கடத்தும் சேவையின் உயிர் எங்கே போனது? பாலங்களுக்கு என்று சொல்லலாம். 1985இல் பிறையிலிருந்து முதல் பாலம் திறந்தது. 2014 மார்ச் 1ஆம் தேதி பத்து காவானிலிருந்து தீவின் பத்து மாவுங்குக்கு இரண்டாவது பாலம். மொத்த நீளம் 24 கிலோமீட்டர், அதில் 16.9 கிலோமீட்டர் கடலின் மேல். அந்தப் பாலத்துக்கும் பட்டர்வொர்த் ஃபெரி முனையத்துக்கும் சுல்தான் அப்துல் ஹலிம் என்ற ஒரே பெயர். பெயர் ஒன்றாக இருப்பதால் பொருள் ஒன்றாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

பாலத்தைக் கூடுபாய்ந்த ஃபெரி என்று ஏற்பதில் ஒரு தடை உண்டு. ஃபெரியில் ஏறியவர் கடத்தப்படுகிறார். இன்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா இருப்பதே அவர் வேலை. பாலத்தில் அவரே ஓட்ட வேண்டும். வைணவத்தில் தென்கலையாரும் வடகலையாரும் பூனைக்குட்டியையும் குரங்குக்குட்டியையும் வைத்து வழக்காடியது இந்த வேறுபாட்டைப் பற்றித்தான். பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகும், குட்டிக்கு முயற்சி இல்லை. குரங்குக்குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும். ஃபெரி தென்கலை, பாலம் வடகலை. பிறவிக்கடலைக் கடக்கும் பேச்சு வரும்போதெல்லாம் தமிழ்ப் பக்தி தோணியையும் தோணிக்காரனையும் நாடியதே தவிர, பாலத்தைப் பெரிதாகத் தேடியதில்லை. இராமேசுவரத்துச் சேதுகூட யாத்திரை முடியும் இடமாகவே நின்றது.

பாலம் வந்தால் தீவு என்னவாகும் என்பதற்குப் பத்து காவானே ஓர் உதாரணம். ஜாவி ஆறும் தெங்கா ஆறும் பிரித்துவைத்த தீவு அது. தோட்டக் காலத்தில் ஆற்றைக் கடக்காமல் அங்கே கால் வைக்க முடியாது. நெடுஞ்சாலை வந்தது, பாலம் வந்தது, தோட்டங்கள் இருந்த இடத்தில் தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் பெரிய கடைகளும் எழுந்தன. வரைபடத்தில் ஆறுகள் இன்னும் இருக்கின்றன. காரில் போகிறவருக்குத் தீவுக்குள் நுழைந்த உணர்வு வருவதில்லை. பத்து காவான் இப்போது தீவா, கரையா? உமாபதி சிவம் திருவருட்பயனில் முத்தி பெற்ற உயிருக்கும் இறைவனுக்கும் உள்ள உறவைச் சொல்ல 'தாடலை' என்ற சொல்லையே உவமை ஆக்கினார். தாளும் தலையும் சேர்ந்து தாடலை. காதுக்கு ஒரு சொல், பொருளில் இரண்டு. பாலம் போட்ட பிறகு பத்து காவானுக்கும் பெருநிலத்துக்கும் உள்ள உறவு அத்தகையது.

அப்படி ஒன்றாகிவிட்ட கரைகளுக்கு நடுவே கலம் எதற்கு? புத்தர் சொன்ன தெப்ப உவமை இங்கே நினைவுக்கு வரும். ஆற்றைக் கடக்க ஒருவன் தெப்பம் கட்டினான், கடந்தான், நன்றி மிகுதியால் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தான் என்றால் அவனை அறிவாளி என்பார்களா? அருங்காட்சியகமாக நிற்கும் ஃபெரியைப் பார்த்தால் புத்தர் சிரித்திருக்கக்கூடும். தெலுக் பஹாங் சிங்கமுகக் காளியம்மன் கோயில்காரர்கள் சிரிக்கமாட்டார்கள். மாசிமகத்தில் அம்மனை ஏற்றி அவர்கள் கடலில் விடும் தெப்பம் எந்தக் கரையிலிருந்தும் எந்தக் கரைக்கும் யாரையும் கடத்துவதில்லை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். ஆனாலும் அந்த ஊரின் பெயரைத் தாங்கிய புதிய ஃபெரியைவிட அதற்குக் கூட்டம் அதிகம். தெப்பத்தைத் தூக்கி எறிவதா, கொண்டாடுவதா என்பதில் பௌத்தமும் தமிழ்க் கோயில் வழக்கமும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

பத்து காவானின் கடலோரத்தில் பத்து மூசாங் என்ற சிறு ஜெட்டி இருக்கிறது. அங்கிருந்து புலாவ் அமான் தீவுக்குப் படகுகள் போகின்றன. தூரத்தில் இரண்டாவது பாலம் தெரியும் அந்தத் துறையில், பயணிகள் உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு படகுக்காரர் கை நீட்டும் வரை காத்திருக்கிறார்கள். புலாவ் அமானுக்குப் பாலம் இல்லை.